மலையைப் பார்த்த நாற்காலி

போன மாதம் லாவண்யா போன் செய்தாள். நான் இருந்த வார்டில் இப்போது அவள்தான் இன்சார்ஜ் சிஸ்டர். "மேடம், இனிமே பேஷண்டுங்களை நாம வாயால கேள்வி கேக்கவே வேணாம். டச் ஸ்க்ரீன் டேப் வந்துருச்சு. அதுவே கேக்கும், அவங்களே தொட்டு பதில் சொல்லிருவாங்க" என்றாள். ரொம்ப சந்தோஷம் என்றேன். வாழ்நாள் பூராவும் தொண்டை வறளக் கேட்டவள் நான்.

"ஆபரேஷன் அன்னிக்குக் காலையில என்னம்மா கேக்குது அது?"

"ஏதாவது சாப்பிட்டீங்களான்னு கேக்கும் மேடம். ஆமா, இல்ல, ரெண்டே பட்டன்."

"பிரசாதத்துக்குத் தனியா பட்டன் இருக்கா?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். "போன்ல சொன்னா புரியாது மேடம். எழுதிக் குடுங்க. புதுசா வந்திருக்கிற பொண்ணுங்களுக்கும் காட்டுறேன்" என்றாள். வேலையில் இருந்தவரை நான் சொன்னதைக் காதில் வாங்காதவர்கள், ரிட்டயர் ஆனதும் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பரவாயில்லை, எனக்கும் பொழுது போக வேண்டுமே.

நகரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தேன். சித்தூரில் நர்ஸிங் படித்தேன். அங்கேயே குடல்வால், ஹெர்னியா என்று சில வருஷம் ஓட்டிவிட்டு, திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். உடம்பைக் குறைக்கும் ஆபரேஷனுக்கென்று அங்கே தனி வார்டு திறந்தபோது, என்னைத் தூக்கி அதற்கு இன்சார்ஜ் ஆக்கினார்கள். என்னைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவின் அழகு புரியும். தராசில் நான் ஏறினால் முள் பாதியில் நிற்காது. வார்டுச் சுவரில் 'முன்', 'பின்' என்று படங்கள் மாட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் அந்தப் படங்களையும் பார்ப்பார்கள், என்னையும் பார்ப்பார்கள். "சிஸ்டர், நீங்க எப்போ பண்ணிக்கினீங்க?" என்பார்கள். "நான் இன்னும் 'முன்'லயே இருக்கேன்மா" என்பேன்.

ஆபரேஷன் என்றால் கொழுப்பை மோட்டார் போட்டு உறிஞ்சி எடுப்பது என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டு வருவார்கள். அது இல்லை. இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைக்காய் கனத்துக்கு ஒரு குழாய் மட்டும் விட்டுவைப்பார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். வெட்டுவது டாக்டர் வேலை. வெட்டுவதற்கு முன் இரண்டு வாரம் பேஷண்டின் வாயைக் கட்டிவைப்பது எங்கள் வேலை. புரதப் பொடி, மோர், தெளிந்த பருப்புத் தண்ணீர், அவ்வளவுதான். பருமனான உடம்பில் ஈரலும் கொழுத்துப் போய் இரைப்பையின் மேல் படுத்திருக்கும். இரண்டு வாரம் பட்டினி போட்டால்தான் அது சுருங்கி டாக்டருக்கு வழி விடும்.

இதைச் சொன்னால் தலையைத் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு நேராக பிரியாணிக் கடைக்குப் போவார்கள். இனிமேல் சாப்பிட முடியாதே என்கிற துக்கம். கார்வேட்டிநகரத்து ஆள் ஒருவர், பத்திரிகை வைக்கப் போவதுபோல ஒரு சொந்தக்காரர் வீடு விடாமல் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு, முதல் தடவை வந்தபோது இருந்ததைவிட நாலு கிலோ கூடுதலாக அட்மிஷனுக்கு வந்து நின்றார். "தண்ணிதான் சிஸ்டர், உடம்பு நீர் கோத்துக்கினு கீது" என்றார். ஆட்டுக்கறித் தண்ணீராக இருக்கும்.

இந்த ஜனங்களைச் சமாளிக்கப் பிறந்தவர் எங்கள் பாஸ்கர் டாக்டர். ஆள் ஒல்லி. வெள்ளைக் கோட்டை ஆணியில் மாட்டினாலும் அவர் போட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். கண்ணாடி எவ்வளவு சுத்தமாகிறதோ அவ்வளவு பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார், ஆனால் விசாரணை மட்டும் தெலுங்கில்தான் தொடங்கும். "ஏமி தின்னாவு?" என்பார். என்ன சாப்பிட்டாய்?

அவருடைய அறையில் பேஷண்ட் உட்காரும் நாற்காலி ஜன்னலைப் பார்த்து இருக்கும். ஜன்னலில் மலை தெரியும். இந்த ஊரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலை தெரியும் என்றாலும், இவர் நாற்காலியை அளந்து போட்டிருந்தார். பேஷண்ட், "ஒண்ணும் சாப்பிடலை சார்" என்றதும், கையை ஜன்னல் பக்கம் நீட்டுவார். "கொண்ட சூசி செப்பு." மலையைப் பார்த்துச் சொல்.

அப்படியே உதிரும். வக்கீலிடம் பொய் சொன்னவன், தாசில்தாரிடம் பொய் சொன்னவன், கட்டின பெண்டாட்டியிடம் சொன்னவன், எல்லாரும் அந்த நாற்காலியில் வியர்த்துப் போவார்கள். "ஒரே ஒரு போண்டா சார்" என்று தொடங்கி, போண்டாக் கடை அடைத்த நேரம்வரை சொல்லி முடிப்பார்கள். ஆபரேஷன் அன்றைக்கும் தியேட்டருக்குள் போகும் முன் அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார வைப்பார். எந்த ரத்தப் பரிசோதனையை நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்த நாற்காலியை நாங்கள் நம்பினோம்.

பூங்கோதை வரும்வரை.

பூங்கோதையும் நகரிதான். புருஷன் தனபால், நாலு பவர்லூம் வைத்து ஓட்டியவர். ரத்தக்கொதிப்பைக் கவனிக்காமல் விட்டு இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் மூன்று நாள் சித்தூரில் டயாலிஸிஸ் மிஷினில் படுத்திருந்தார். பூங்கோதையின் கிட்னி அவருக்குச் சேரும் என்று பார்த்து வைத்திருந்தார்கள். ஆனால் அவள் இருந்த உடம்புக்குக் கிட்னியை எடுக்க மாட்டோம், எடையைக் குறைத்துக்கொண்டு வா என்று அந்த டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நடந்து பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், இறங்கவில்லை. அதற்குள் தனபால் கையில் மிஷின் ஊசி குத்துவதற்காகச் செய்துவைத்த நரம்பு இரண்டு தடவை அடைத்துவிட்டது. இன்னொரு தடவை அடைத்தால் ஊசி குத்த இடம் தேட வேண்டும். அவருக்கு நாள் அதிகமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"சிஸ்டர், அழகாவணும்னு நான் வரல. இவருக்குக் குடுக்கணும். அதுக்குத்தான் இந்த வயித்தை அறுத்துக்கறேன்" என்றாள் முதல் நாளே.

பக்கத்தில் தனபால், "எனக்கு மிஷினே போதும்னு சொல்லிக்கினே கீறேன் சிஸ்டர். கேக்க மாட்டேன்றா" என்றார்.

"நீ சும்மா கெட. உன்னை யாரு கேட்டா?"

அவருக்கு வேண்டிய கிட்னியைப் பற்றி அவரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

என் வார்டிலேயே இரண்டு வாரத்தையும் ஒழுங்காகக் கடந்தவள் அவள் ஒருத்திதான். வீட்டில் நாலு பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, பருப்புத் தண்ணீரைக் குடித்தாள். உப்பு பார்க்கக்கூட நாக்கில் வைக்கவில்லை. அட்மிஷன் அன்று தராசு இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம், "இந்த ஒரு பேஷண்டுக்கு நாற்காலியே வேணாம் சிஸ்டர்" என்றார். பாராட்டெல்லாம் அவர் வாயில் வருவது அபூர்வம்.

இருந்தாலும் முறை முறைதான். ஆபரேஷன் அன்று காலை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஏமி தின்னாவு?"

"ஒண்ணும் துன்னல சார்."

"கொண்ட சூசி செப்பு."

பூங்கோதை மலையைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "பெருமாள் மேல சத்தியமா ஒண்ணும் துன்னல சார்" என்றாள். அந்தச் சத்தியத்தில் குரல் துளிகூட நடுங்கவில்லை. நானும் ஒரு தடவை கேட்டேன், மயக்க டாக்டரும் ஒரு தடவை கேட்டார். அதே பதில். தியேட்டருக்குள் அனுப்பினோம்.

உள்ளே போகும் முன் நகையைக் கழற்றி வீட்டாரிடம் கொடுப்பது வழக்கம். தாலிச் சரடையும் வளையலையும் ஒரு துணியில் முடிந்துகொண்டு வராண்டாவுக்கு வந்தேன். "பூங்கோதை வூட்டுக்காரர் யாருங்க?" என்று கூப்பிட்டேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருத்தர் எழுந்து வந்தார்.

"உங்களை இல்லீங்க. தனபாலைக் கூப்பிட்டேன்."

"நான்தான் சிஸ்டர் தனபாலு."

எங்கள் வராண்டாவில் எந்த நேரமும் பத்து மொட்டைத் தலை உட்கார்ந்திருக்கும். திருப்பதி ஆஸ்பத்திரியில் மொட்டையைப் பார்த்து யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆனால் இந்தத் தலையில் முந்தின நாள் சாயந்திரம்வரை முடி இருந்தது.

"எப்போ மேல போனீங்க?"

"நேத்து இவளை விட்டுட்டு அப்படியே போய்ட்டேன். அவளுக்காக முடி குடுத்தேன். காலையில மொத பஸ்ஸுல எறங்கிட்டேன்."

மிஷினில் படுத்து எழுந்த உடம்போடு மனுஷன் மலையேறி வந்திருக்கிறார். அதற்காகக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் மொட்டை அடித்தவன் மலையிலிருந்து வெறும் கையோடு இறங்குவானா?

"லட்டு வாங்கினீங்களா?"

"வாங்காம வருவனா? இந்தாங்க சிஸ்டர்" என்று மஞ்சள் பைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது பாதி லட்டு.

"மீதி எங்க?"

"அவளுக்குக் குடுத்தேன். என் கையாலயே ஊட்டினேன். பாவம் சிஸ்டர், ரெண்டு வாரமா வெறும் தண்ணி."

"வேணாம்னு சொல்லலையா அவங்க?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பிரசாதத்தை யாராவது வேணாம்னு சொல்வாங்களா?"

ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்து வராண்டாவே எழுந்து நின்றதாக அப்புறம் சொன்னார்கள். கட்டடம் இடிகிறது என்று நினைத்தார்களோ என்னவோ. உள்ளே பூங்கோதை மேஜை மேல் படுத்திருந்தாள். மயக்க டாக்டர் கையில் ஊசி இருந்தது. "போடாதீங்க சார்! லட்டு சாப்பிட்டிருக்காங்க!" என்று கத்தினேன்.

புதிதாக வந்த பெண்களுக்காகச் சொல்கிறேன். மயக்கம் கொடுத்ததும் தொண்டை தன் காவலை விட்டுவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால், பருமனான உடம்புக்கு அது எமன். உள்ளே வந்தது லட்டா பிரசாதமா என்று நுரையீரல் விசாரித்துக்கொண்டு நிற்காது.

டாக்டர் அவள் தலைமாட்டுக்கு வந்தார். "ஏமி தின்னாவு?"

"ஒண்ணும் துன்னல சார்."

"லட்டு?"

"ஐயோ, அது பிரசாதம் சார்!" என்றாள் பூங்கோதை. பொய் பிடிபட்டவள் குரல் இல்லை அது. பிரசாதத்தைப் போய்த் தீனி என்று பேசிவிட்ட டாக்டர் மேல் வந்த கோபம்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "காலையில நீங்க டிபன் ஆச்சான்னு கேட்டப்ப நான் என்ன சொன்னேன் சிஸ்டர்?" என்றார்.

"இன்னும் ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னீங்க சார்."

"வீட்டுல பூஜை. ஒரு கப் சக்கரைப் பொங்கல் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார். ஆபரேஷன் ரத்தானது.

வெளியே விஷயம் தெரிந்ததும் தனபால் மொட்டைத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான் குடுத்ததாலயா சார்? நானே கெடுத்துட்டனா?" டாக்டர் அவர் தோளில் கை வைத்து, "முடி குடுத்தது சரிப்பா. அதோட நிறுத்தியிருக்கலாம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய ஆறுதல்.

அடுத்த தேதி உடனே கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் தனபாலின் கை நரம்பு மூன்றாவது தடவையும் அடைத்தது. கழுத்தில் குழாய் போட்டு மிஷினை ஓட்டினார்கள். குழாயில் கிருமி சேர்ந்து குளிர் ஜுரம் வந்து, இரண்டு நாள் ஆள் பிழைப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை லட்டுக்குக் கொடுத்த விலை அது. பூங்கோதை சித்தூர் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துகொண்டும் அதே பருப்புத் தண்ணீரைத்தான் குடித்தாள். "இப்ப நானும் படுத்துட்டா அவருக்கு யாரு கீறாங்க?" என்று போனில் கேட்டாள்.

ஆபரேஷன் ரத்தான அடுத்த வாரம் டாக்டர் அறைக்குப் போனேன். நாற்காலி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே இன்னொரு நாற்காலி.

"இது யாருக்கு சார்?"

"வீட்டுல சோறு போடுறவங்களுக்கு. பெருமாளுக்கும் நம்ம ஜனங்களுக்கும் நடுவுல தனி ஒப்பந்தம் இருக்கு சிஸ்டர், அதுல நம்மளால நுழைய முடியாது. இனிமே வீட்டாளு மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும்."

கேள்வியும் அன்றிலிருந்து நீண்டுவிட்டது. சாப்பாடு கேட்டபின், பிரசாதம், தீர்த்தம், சுண்டல், புளியோதரை, பானகம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். புதிதாக வந்த மயக்க டாக்டர் ஒருத்தர், இது ஆஸ்பத்திரியா மடப்பள்ளியா என்றார். கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும் என்றேன்.

பூங்கோதைக்கு இரண்டாம் முறை எல்லாம் நல்லபடியாக நடந்தது. அன்று சாயந்திரமே எழுப்பி நடக்க வைத்தேன். "அறுத்த வயித்தோட நடக்கச் சொல்றியே, நீ பொம்பளையா?" என்று திட்டினாள். ரத்தம் காலில் உறையாமல் இருக்க நடக்கத்தான் வேண்டும். நுரையீரலுக்குப் பயிற்சியாக மூச்சை இழுத்து மூன்று பந்தைத் தூக்க வேண்டிய பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தால் எல்லாரும் இழுக்காமல் ஊதுவார்கள், இவளும் ஊதினாள். அப்புறம் தண்ணீர். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். மடமடவென்று குடித்தால் வாந்திதான்.

ஆபரேஷனைவிடக் கஷ்டமானது பார்க்க வருகிறவர்களைச் சமாளிப்பது. குடிபாலாவிலிருந்து ஒரு சித்தி, அடுக்கு டிபன் கேரியரோடு வந்தார். "இட்லி கூடவா ஆவாது? சீக்காளிக்கு இட்லிதானே குடுப்பாங்க?" என்று என்னோடு சண்டைக்கு நின்றார். இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம், அப்புறம் மிக்ஸியில் அடித்த கூழ், அப்புறம்தான் குழைந்த சாதம் என்று விளக்கினேன். "அப்போ குழந்தையாட்டம் மறுபடி மொதல்லருந்தா?" என்றார். ஒரே வரியில் புரிந்துகொண்டார். எங்கள் டயட் அம்மா அதையே படம் போட்டு அரை மணி நேரம் சொல்லுவார்.

தனபால் மிஷினில்லாத நாட்களில் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கிட்னி போனவர்களுக்கும் தண்ணீர் அளவுதான். அவள் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் அவரும் தன் கிண்ணத்தை எடுப்பார். ஒரு வாய் இவள், ஒரு வாய் அவர். கல்யாண விருந்தில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே குடித்து முடிப்பார்கள். ஒரு தடவை நான் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று லாவண்யாவிடம் சொன்னேன்.

சில மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தவள் ஒரு கொத்து முடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எடை மளமளவென்று இறங்கும்போது முடி கொட்டும், சத்து மாத்திரையும் புரதமும் ஒழுங்காக எடுத்தால் திரும்ப முளைக்கும். அவள் கேட்டாளா? "அவர்தான் முடி குடுத்தாரே சிஸ்டர். பெருமாள் என்கிட்டயும் வாங்கிக்கினாரா?" என்றாள். "பாதி லட்டுக்கு அபராதம்" என்றேன். முதல் தடவையாகச் சிரித்தாள்.

எடை இறங்கியது. கிட்னி எடுக்கலாம் என்றார்கள். எடுத்தார்கள், அவருக்கு வைத்தார்கள், அது வேலை செய்தது. கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன்.

நான் ரிட்டயர் ஆகச் சில மாதம் இருக்கும்போது பூங்கோதை வந்தாள். இடுப்பில் சேலை நிற்காத அளவுக்கு இளைத்திருந்தாள். தலையில் முடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் கதவை அடைத்துக்கொண்டு ஒரு ஆள் வந்தார். இந்தத் தடவையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான்தான் சிஸ்டர் தனபாலு."

கிட்னி வைத்தவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையில் அகோரப் பசி எடுக்கும். வருஷக்கணக்காகப் பத்தியம் இருந்த மனுஷன், இனி எதையும் சாப்பிடலாம் போல என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார். உடம்பு ஊதிவிட்டது. சர்க்கரையும் எட்டிப் பார்த்தது. இப்படியே போனால் வைத்த கிட்னியும் கெட்டுவிடும் என்று சொல்லி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

டாக்டர் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். எதிர் நாற்காலியில் பூங்கோதை.

"ஏமி தின்னாவு?"

"பெருசா ஒண்ணும் இல்ல சார். காலையில ரெண்டு இட்லி. ராத்திரி மோர் சாதம்." சொல்லிக்கொண்டே தனபால் கழுத்தைத் திருப்பி ஜன்னலைத் தேடினார். பழைய நாற்காலி அவருக்கு ஞாபகம் இருந்தது போல. மலையைப் பார்த்துச் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும்.

"அங்க இல்லப்பா. எதிர்ல பாரு" என்றார் டாக்டர்.

தனபால் பார்த்தார். பூங்கோதை இடுப்பில் நழுவிய சேலையை இழுத்துச் செருகினாள். செருகும்போது கிட்னி எடுத்த தழும்பு கொஞ்சம் தெரிந்து மறைந்தது. தனபால் தலை தொங்கிப்போனது.

"பிரியாணி துன்னேன் சார். நேத்தும். அதுக்கு முந்தா நாளும்."

பூங்கோதை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வயித்தை அறுத்துக்கினேன். முடி போச்சு. கிட்னியும் குடுத்துட்டேன். இனிமே குடுக்கறதுக்கு என்கிட்ட இன்னாய்யா கீது? வாயைக் கட்டறதை மட்டும் நான் உனக்காகப் பண்ண முடியாது. அது நீதான் பண்ணணும்."

கண்ணாடியைக் கழற்றிய டாக்டர் துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், முதலில் இரண்டு வாரம் பருப்புத் தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் தனபால் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, என் காதோடு, "சிஸ்டர், பிரசாதம் மட்டும்..." என்று இழுத்தார். நான் பதில் சொல்வதற்குள் பூங்கோதை பையைப் பிடுங்கி, உள்ளே இருந்த லட்டை எடுத்து என் கையில் வைத்தாள். "நீங்க துன்னுங்க சிஸ்டர். இவருக்கு இனிமே அதுவும் சாப்பாடுதான்."

அங்கேயே நின்று முழுசாகச் சாப்பிட்டேன். சாயந்திரம் வீட்டார், இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டபோது, ஒன்றும் இல்லை என்றேன்.